மல்லிகைச் சிட்டையும் மணிக்கட்டும்: மதுரையில் ஒரு விபத்து வழக்கு அலுவலகம் பற்றிய மதிப்பீடு

இந்த மதிப்பீட்டில் அலுவலகத்தின் பெயரையோ வழக்கறிஞரின் பெயரையோ எழுதப் போவதில்லை. வழக்கறிஞர்கள் நேராகவோ மறைமுகமாகவோ விளம்பரம் தேடிக்கொள்ளக் கூடாது என்று இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36-ஆவது விதி சொல்கிறது. எழுதலாமா என்று நான் கேட்டபோது, "குறையையும் சேர்த்து எழுதுங்கள், பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று அவரே சொல்லிவிட்டார். பேருந்தின் பெயர், அதற்குக் காப்பீடு கொடுத்திருந்த நிறுவனத்தின் பெயர், அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பெயர் எல்லாவற்றையும் அதே கணக்கில் விட்டுவிடுகிறேன். பேருந்தில் அடிபட்ட ஒருவர் இழப்பீடு கேட்டு மதுரையில் ஒரு வக்கீலிடம் போனால் என்ன கிடைக்கும், என்ன செலவாகும், எங்கே கை நழுவும் என்று அறிய விரும்புபவருக்கு இந்தப் பெயர்களால் ஆகப் போவது ஒன்றுமில்லை.

அடிபட்டவர் என் அக்கா. திருமங்கலத்தில் பூ வியாபாரம் செய்கிறார். விடிவதற்கு முன் பேருந்து ஏறி மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு வந்து, நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ உதிரிப் பூ வாங்கிப் போய், அதைக் கட்டி முழம் போட்டு விற்பவர். 2023 ஜூன் மாதத்தில் ஒரு நாள் அதிகாலையில், அவர் ஏறியிருந்த தனியார் பேருந்து திருநகரைத் தாண்டி, முன்னால் போன லாரியை முந்திக்கொண்டு போய் ஒரு வேகத்தடையின் மேல் ஏறப் போகும் நேரத்தில் ஓட்டுநர் திடீரென்று பிரேக் அடித்தார். பூக்கூடையை எடுக்க எழுந்த அக்கா முன் படிக்கட்டுப் பக்கம் தூக்கி எறியப்பட்டு, முகம் அடிபடாமல் இருக்க வலக்கையை ஊன்றினார். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. தகடு வைத்துத் திருகாணி முடுக்க வேண்டியதாயிற்று.

வக்கீல் அலுவலகத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், அங்கே போவதற்குள் நாங்கள் செய்த தவறுகளைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த அலுவலகத்தின் பாதி வேலை அவற்றைச் சரிசெய்வதாகவே இருந்தது. அக்காவை ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோன நடத்துநர், விபத்துப் பதிவேட்டில் எழுதும் இடத்தில், "பஸ் ஸ்டாண்டில் வழுக்கி விழுந்துவிட்டார்" என்று சொல்லியிருக்கிறார். வலியில் துடித்துக்கொண்டிருந்தவர் அதை மறுக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அது எழுதப்பட்டு முடிந்திருந்தது. மூன்றாம் நாள் பேருந்து உரிமையாளரின் ஆள் ஒருவர் ஆப்பிள் பையோடு வந்து, ஐயாயிரம் ரூபாயைக் கட்டிலில் வைத்துவிட்டு, "மேற்கொண்டு செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு வெற்று முத்திரைத்தாளை நீட்டினார். கையெழுத்துப் போட வலக்கை இல்லாததுதான் அன்றைக்கு அக்காவைக் காப்பாற்றியது. அதற்கு மறுநாள் வேறொருவர் வந்தார். விசிட்டிங் கார்டு கொடுத்தார். ஒரு ரூபாய் செலவில்லாமல் வழக்குப் போட்டுத் தருவதாகவும், வரும் தொகையில் நூற்றுக்கு முப்பது தங்களுக்கு என்றும், அதற்குப் பிணையாகக் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை ஒன்று வேண்டும் என்றும் சொன்னார். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை வழக்கறிஞர் மன்றத்தின் 20-ஆவது விதி தடை செய்கிறது என்பதும், இப்படி ஆள் பிடித்துக் கொடுப்பவர்களைப் பற்றி 2023-இல் வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே திருத்தம் வந்திருக்கிறது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்று எனக்கு உறுத்தியது வெற்றுக் காசோலை மட்டுமே.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். எங்களிடம் திருமண அழைப்பிதழ் அச்சடிக்க வந்த ஒரு கோர்ட்டு குமாஸ்தாவிடம் பேச்சுக் கொடுத்தபோது அவர் காட்டிய வழியில்தான் இந்த அலுவலகத்துக்குப் போனோம். மாடியில் ஒரு அறை, ஒரு மேசை, சுவர் முழுக்க இரும்பு அலமாரி, அதில் வருடம் எழுதிய கட்டுகள். வக்கீலுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முதல் சந்திப்பில் அவர் செய்த முதல் காரியத்தை எழுதாமல் இருக்க முடியாது. கட்டணம் பற்றி நான் கேட்கும் முன்பே, "அம்மா, நீங்கள் பெண் என்பதால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உங்களுக்கு உரிமை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் அவர்களே வக்கீல் வைத்துத் தருவார்கள். அதை யோசித்துவிட்டு வேண்டுமானால் என்னிடம் வாருங்கள்" என்றார். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வந்த வாடிக்கையை வேறிடத்துக்கு அனுப்பப் பார்க்கும் கடைக்காரரை அக்கா தன் வியாபாரத்தில் பார்த்ததில்லை போலும். படி இறங்கும்போதே, "இந்த ஆள்ட்டயே குடுத்துரலாம்டா" என்று முடிவு செய்துவிட்டார்.

இரண்டாம் சந்திப்பில் வழக்கின் வழியை விளக்கினார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவில் போனால், யார் மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், மரணத்துக்கு ஐந்து லட்சம் என்று தொகை முன்பே தீர்மானமானது. 166-ஆவது பிரிவில் போனால் ஓட்டுநரின் அலட்சியத்தை நிரூபித்தாக வேண்டும், ஆனால் தொகைக்கு உச்ச வரம்பு கிடையாது. 2019-இல் நிறைவேறிய திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்வதால், எலும்பு சேரட்டும், ஆடி போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்றார். விபத்து நடந்த இடத்தில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை. அடிபட்டவர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் எல்லையிலும் போடலாம், எதிர்த்தரப்பினர் இருக்கும் எல்லையிலும் போடலாம். விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் மதுரைத் தீர்ப்பாயத்தில் போடுவது என்று முடிவாயிற்று.

மூன்றாம் நபர் காப்பீடு என்றால் தெருவில் போகிறவருக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். பயணிகள் பேருந்துக்கு எடுக்கும் கட்டாயக் காப்பீட்டில் உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணியும் அடக்கம் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே முதல் எதிர்மனுதாரர் உரிமையாளர், இரண்டாவது காப்பீட்டு நிறுவனம். அரசுப் பேருந்தாக இருந்தால் கதை வேறு. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு 146-ஆவது பிரிவின்படி கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கொடுக்க முடியும் என்பதால், அங்கே கழகமே நேரடியாகப் பணம் கட்ட வேண்டிய தரப்பாகிறது. தீர்ப்பான பணம் வந்து சேராதபோது நிறைவேற்று மனுப் போட்டு, பேருந்து நிலையத்தில் நிற்கும் பேருந்தையே நீதிமன்ற ஊழியரான அமீனா ஜப்தி செய்கிற செய்தியை நாம் நாளிதழ்களில் அவ்வப்போது படிப்பது இதனால்தான்.

அடுத்ததாக அவர் கேட்டது பயணச்சீட்டு. அக்காவிடம் இருந்தது. சுருக்குப் பையில், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே நான்காக மடிந்து, ஒரு மூலையில் சுண்ணாம்புக் கறையோடு. இயந்திரத்தில் சூட்டால் அச்சாகும் அந்த மெல்லிய தாளில் மை என்று ஒன்று கிடையாது. வெயிலும் வியர்வையும் பட்டால் எழுத்து தானாக மறைந்துவிடும். நாங்கள் கொடுத்தபோது பேருந்தின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களும், நேரத்தில் "04" என்பதும், கட்டணமும் மட்டும் தெரிந்தன. வக்கீல் அதை மேசை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடித்து, குமாஸ்தாவை விட்டு நான்கு கோணத்தில் கைப்பேசியில் படம் எடுக்கச் செய்தார். பிறகு ஜெராக்ஸ் கடையில் கருமையைக் கூட்டி நகல் எடுத்து வரச் சொன்னார். இருட்டாக வந்த நகலில் முழு எண்ணும் "திருமங்கலம்" என்ற சொல்லும் மேலே எழும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பேருந்து நிலையத்தில் ஏறுவதற்கு முன்பே வழுக்கி விழுந்த பெண்ணின் பையில் பயணச்சீட்டு எப்படி வந்தது என்று பின்னால் நீதிமன்றத்தில் அவர் கேட்ட ஒரே கேள்விக்கு எதிர்த்தரப்பில் பதில் இல்லை. அடிபட்டவரின் பையில் பயணச்சீட்டு இருந்தால் அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் மேல் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தது. காவல் துறையின் இணையத்தளத்திலிருந்து நகலை நானே எடுத்துவிட்டேன். அதில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 337 ஆகிய பிரிவுகள் இருந்தன. (அப்போது பழைய சட்டம்தான், 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்குப் புதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள் வரும்.) 337 சாதாரணக் காயத்துக்கு உரியது. எலும்பு முறிவு, 320-ஆவது பிரிவின்படி கொடுங்காயம். காயச் சான்றிதழை விசாரணை அதிகாரியிடம் உரிய நேரத்தில் சேர்த்து, பிரிவு 338 என்று மாற்றிய அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும்வரை குமாஸ்தா விடவில்லை. காயச் சான்றிதழில் அக்காவின் தலைப்பெழுத்து தவறாக இருந்ததைக் கண்டுபிடித்தது நான், தொழில் பழக்கம். பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 2023 அக்டோபரில் மனுத் தாக்கலாகி எண் விழுந்தது.

இவை எல்லா அலுவலகங்களும் செய்யக்கூடிய வேலைதான். இந்த அலுவலகம் தனித்து நின்ற இடம், அக்காவின் வருமானத்தை நிரூபித்த விதம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்குப் பத்திரம் இருக்கிறது. அதைக் கட்டி விற்கும் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. கணக்கு எழுதும் பழக்கமும் அக்காவுக்கு இல்லை. முகூர்த்த மாதத்தில் பூ விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும், ஆடியில் விழும், மார்கழிப் பனியில் வரத்தே இராது. இதில் மாத வருமானம் என்று எதைச் சொல்வது என்று எங்களுக்கே புரியவில்லை. "வாங்குகிற கடையில் சிட்டை எழுதுவார்களே, அது எங்கே?" என்று வக்கீல் கேட்டார். மாட்டுத்தாவணியில் அக்காவுக்குப் பத்து வருடமாகக் கடனுக்குப் பூ கொடுக்கும் மொத்தக் கடைக்காரரிடம் போனோம். அவர் பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் சாக்கில் கட்டி வைத்திருந்தார். நீள நோட்டில், தேதி வாரியாக, அக்காவின் பெயருக்கு நேரே கிலோ, விலை, வரவு, நிலுவை. விபத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தையும் பிந்தைய பன்னிரண்டு மாதத்தையும் குமாஸ்தா உட்கார்ந்து கூட்டினார். முன்பு நாளுக்குச் சராசரியாக ஐந்தரை கிலோ வாங்கியவர், கட்டுப் பிரித்து மீண்டும் வியாபாரத்துக்கு வந்த பிறகு இரண்டு கிலோவைத் தாண்டவில்லை. அதோடு நகராட்சி கொடுத்த சாலையோர வியாபாரி அடையாள அட்டையையும், அதைக் காட்டி வாங்கிய பத்தாயிரம் ரூபாய் வங்கிக் கடனின் கணக்கேட்டையும் சேர்த்தார். காய்கறி வியாபாரி ஒருவர் கால் இழந்த வழக்கில், ஆவணம் இல்லாத நிலையிலும் அவருடைய மாத வருமானம் 6,500 ரூபாய் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தீர்ப்பின் நகலும் கட்டில் ஏறியது.

சிட்டை கிடைத்த வாரத்தில், வக்கீல் எங்களை வரும்போது அரைக் கிலோ மல்லிகையும் நாரும் வாங்கி வரச் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்கு, "நான் பூக்கட்டிப் பார்த்ததில்லை, வாக்குமூலத்தில் என்ன எழுதுவது?" என்றார். அலுவலகத் தரையில் பாய் விரித்து, அக்கா உட்கார்ந்தார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் காம்பைச் சேர்த்து இடக்கை விரல்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, வலக்கையால் நாரைச் சுற்றி, சுற்றிய வேகத்திலேயே மணிக்கட்டைத் திருப்பி முடிச்சை இழுப்பது; இதுதான் வேலை. விரல்களில் குறை இல்லை, நாரைப் பிடித்தன. முடிச்சை இழுக்கும் இடத்தில் மணிக்கட்டு திரும்பவில்லை. அதற்குப் பதிலாக அக்கா முழங்கையைத் தூக்கி, தோளோடு சேர்த்து இழுத்தார். முடிச்சு தளர்ந்து, தூக்கிப் பார்த்தபோது மொட்டுகள் பாயில் உதிர்ந்தன. வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்: ஒரு முழத்துக்கு 26 நிமிடம். அக்காவின் பழைய வேகத்துக்கு அதற்குள் மூன்று முழம் முடிந்திருக்கும். அன்று கட்டிய தளர்ந்த சரத்தைக் குமாஸ்தா அலுவலகத்துச் சாமி படத்துக்குப் போட்டார். நிரூபண வாக்குமூலத்தில், வலக்கை முன்போல் இயங்கவில்லை என்று எல்லாரும் எழுதும் ஒற்றை வரிக்குப் பதிலாக, பூக்கட்டும் வேலையில் மணிக்கட்டு எந்த இடத்தில் எப்படித் திரும்ப வேண்டும், அது இப்போது ஏன் திரும்பவில்லை என்று முக்கால் பக்கம் இருந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், மருத்துவக் குழுமம் அக்காவுக்குக் கொடுத்த ஊனச் சதவீதம் 20. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதில் தடை, பிடிமானம் குறைவு என்று சான்றிதழில் இருந்தது. ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கிக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. ஐயாயிரம் என்று வைத்தாலும் அதில் ஒரு லட்சம்தான் வரும். ஆனால் உடலில் ஏற்பட்ட ஊனத்தின் சதவீதமும் பிழைப்பில் ஏற்பட்ட இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய பிழைப்பு ஏறக்குறைய முழுவதும் போய்விடும், அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலும் இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பே தரும் எடுத்துக்காட்டு. அக்காவின் 20 சதவீதத்தை வருமான இழப்பில் 40 என்று எடுக்க வேண்டும் என்று எங்கள் தரப்பு கேட்டது.

வயதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆதார் அட்டையில் பிறந்த தேதி 1977 ஜனவரி 1. ஊரில் பாதிப் பேர் ஆதாரில் ஜனவரி முதல் தேதியில்தான் பிறந்திருக்கிறார்கள். அதன்படி விபத்து நாளில் வயது 46. பள்ளி மாற்றுச் சான்றிதழின்படி 1978 மார்ச், ஆகவே 45. இந்த ஒரு வயதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சரளா வர்மா வழக்கில் 2009-இல் வகுக்கப்பட்ட அட்டவணையில் 41 முதல் 45 வரை பெருக்கல் எண், அதாவது ஓர் ஆண்டு வருமான இழப்பை எத்தனையால் பெருக்குவது என்ற எண், 14. 46 ஆகிவிட்டால் 13. எங்கள் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2024 அக்டோபரில், பிறந்த தேதிக்கு ஆதார் ஆதாரமாகாது, பள்ளிச் சான்றிதழையே எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தீர்ப்புச் சொல்ல, அந்த வாரமே அதைக் கட்டில் சேர்த்ததாகக் குமாஸ்தா தொலைபேசியில் சொன்னார்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 2024 செப்டம்பரில் நடந்த தேசிய மக்கள் நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவனம் மூன்றே முக்கால் லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்றது. எங்களுக்கு அது பெரிய தொகை. அறுவை சிகிச்சைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. வக்கீல் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பக்கமும் எழுதிக் காட்டினார்: இங்கே முடித்தால் பணம் சீக்கிரம் வரும், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பும், ஆனால் மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது, காத்திருந்தால் இன்னும் ஒரு வருடம் ஆகலாம், தொகை கூடலாம், எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனால் மேலும் இழுக்கும். "கடன்காரர் கழுத்தைப் பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன்" என்றார். அக்கா வீட்டுக்கு வந்து தன் காதுத் தோட்டை அடகு வைத்துக் கடனை அடைத்துவிட்டு, காத்திருப்பது என்று சொல்லிவிட்டார். நான் அவராக இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

மொத்தம் 26 வாய்தா. அதில் அக்கா போக வேண்டியிருந்தது மூன்றுக்கு மட்டும். குறுக்கு விசாரணை நாளில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர், "இப்போதும் பூ விற்கிறீர்கள்தானே அம்மா?" என்று கேட்டார். ஆம் என்றால் வருமானம் போகவில்லை என்று ஆகிவிடும், இல்லை என்றால் பொய். "விக்கிறது நான்தான்யா. கட்டுறது பக்கத்து வீட்டுப் பிள்ளை. அதுக்குக் கிலோக் கணக்குல கூலி குடுக்கிறேன்" என்றார் அக்கா. இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் வக்கீல் முகத்தில் ஒன்றும் காட்டாமல் தாளில் எதையோ எழுதினார். கூலியாக வெளியே போகும் அந்தப் பணமே இழப்பின் அளவு என்று வாதத்தில் அதைப் பிடித்துக்கொண்டார். மொத்தக் கடைக்காரரும் வியாபாரத்தை ஒரு காலை விட்டுவிட்டு நோட்டோடு வந்து சாட்சி சொன்னார்.

2025 ஆகஸ்டில் தீர்ப்பு. மாத வருமானம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில் சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வாக 25 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்பு; அதைச் சேர்த்து 15,000. ஆண்டுக்கு 1,80,000, பெருக்கல் எண் 14, பிழைப்பு இழப்பு 30 சதவீதம் என்று தீர்மானித்ததால் 7,56,000 ரூபாய். வேலைக்குப் போகாத நான்கு மாதத்துக்கு 48,000, மருத்துவச் செலவு 61,400, வலிக்கும் வேதனைக்கும் 50,000, அன்றாட வாழ்வின் வசதியிழப்புக்கு 25,000, உடனிருந்து கவனித்தவருக்கு 15,000, சத்துணவுக்கு 10,000, போக்குவரத்துக்கு 8,000. ஆக மொத்தம் 9,73,400. பேருந்து நிற்பதற்கு முன்பே எழுந்து நின்றதில் அக்காவுக்கும் பங்கு உண்டு என்று அதில் பத்து சதவீதம் கழிந்து, 8,76,060 ரூபாயும், மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து 7.5 சதவீத வட்டியும்.

அந்தப் பத்து சதவீதம்தான் இந்த அலுவலகத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை. அதே பேருந்தில், அக்காவுக்குப் பின் இருக்கையில் இன்னொரு பூக்கார அம்மா இருந்தார். நிறுத்தம் நெருங்கிவிட்டது, எல்லாரும் எழுந்துகொண்டார்கள், நடத்துநரே "இறங்குறவங்க முன்னால வாங்க" என்று குரல் கொடுத்தார் என்று சொல்ல அவர் தயாராக இருந்தார். அவர் வாய்த் துடுக்கானவர், குறுக்கு விசாரணையில் எதையாவது உளறிவிடுவார் என்று வக்கீல் அவரை அழைக்கவில்லை. கணக்குப் பார்த்தால் 97,340 ரூபாய். தீர்ப்புக்குப் பிறகு நான் கேட்டபோது, "அது என் கணிப்புத் தவறு" என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதற்கு மதிப்பு உண்டு. பணம் போனது போனதுதான்.

மற்றவை சிறு குறைகள். அடுத்த வாய்தா தேதியை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். இரண்டு முறை வீணாக அலைந்த பிறகு நீதிமன்ற இணையத்தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்க்க நானே பழகிக்கொண்டேன். காலையில் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். இரண்டு மாடி ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. வருகிறவர்களில் பாதிப் பேர் கால் முறிந்தவர்களாக இருக்கக்கூடிய அலுவலகத்துக்கு இது சரியான இடமல்ல. அக்காவுக்குக் கைதான் என்பதால் நாங்கள் தப்பித்தோம். தீர்ப்புத் தொகையில் பாதியை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடச் சொல்லி உத்தரவு இருந்ததை, பணம் வரும் நாள்வரை எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. முழுத் தொகையும் கைக்கு வரும் என்று நம்பி அக்கா மகளின் திருமணப் பேச்சையே தொடங்கியிருந்தோம்.

விபத்தான நேரத்தில் எங்களுக்குத் தெரியாமல் போன ஒன்றையும் இங்கே சேர்த்துவிடுகிறேன், இது அலுவலகத்தின் குறையல்ல. தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரிலிருந்தே இருந்தது. பட்டியலில் உள்ள மருத்துவமனையாக இருந்தால், தனியாரிலும் கூட, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட வரம்பு வரை அரசே கட்டும். நாங்கள் பட்டியலைப் பார்க்காமல், தெரிந்தவர் சொன்ன இடத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டோம். 61,400 ரூபாய் பில் அப்படி வந்தது. அதில் மருந்துக் கடைத் துண்டுச் சீட்டு முதற்கொண்டு எல்லாவற்றையும் நான் கோத்து வைத்திருந்ததால் முழுவதும் ஏற்கப்பட்டது.

கட்டணம்: தாக்கலுக்கும் நகல்களுக்கும் முதலில் 5,000 ரூபாய். வக்கீல் கட்டணம் 60,000 என்று முதலிலேயே பேசி எழுதிக்கொண்டு, தாக்கலின்போது, சாட்சி விசாரணையின்போது, தீர்ப்புக்குப் பின் என்று மூன்று தவணையாகப் பெற்றுக்கொண்டார். மூன்றுக்கும் ரசீது உண்டு. வந்த தொகையில் சதவீதம் என்ற பேச்சு எழவே இல்லை; ஆஸ்பத்திரியில் கார்டு கொடுத்தவரிடம் போயிருந்தால், வட்டி இல்லாமலே, 2,62,818 ரூபாய் அவருக்குப் போயிருக்கும். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நான்கு கொடுப்பேன். கழித்த ஒன்று, அழைக்கப்படாத அந்தப் பூக்கார அம்மாவுக்காக.

காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை. 2025 நவம்பரில் வட்டியோடு பணம் தீர்ப்பாயத்தில் கட்டப்பட்டு, அக்காவின் வங்கிக் கணக்குக்கு வந்தது. கடைசித் தவணையைக் கொடுக்கப் போன அன்று, குமாஸ்தா எங்கள் கட்டைப் பிரித்து, திருப்பித் தர வேண்டிய அசல்களை எண்ணி அடுக்கினார்: பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கேடு, வியாபாரி அட்டை, எக்ஸ்ரே மூன்று. மொத்தக் கடைக்காரரின் சிட்டை நோட்டுகள் நீதிமன்றத்தில் சான்றாவணமாக நிற்பதால், அவற்றைத் திரும்பப் பெற மனுப் போட வேண்டும் என்றார். அதற்கு அவர் தனியாகப் பணம் கேட்கவில்லை. நோட்டு இன்னும் வரவில்லை. கடைக்காரர் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.